ஒரே சீட்டில் பத்து ஓட்டு: வான்கூவரின் என்பிஏ வென்ற கணக்கும் தோற்ற கணக்கும்

கனடாவின் வான்கூவர் நகரசபைத் தேர்தலில் வார்டு கிடையாது. சென்னையில் 200 வார்டு, வார்டுக்கு ஒரு கவுன்சிலர். நம்மவர்கள் நிறைய வாழும் டொராண்டோவில் 25 வார்டு. வான்கூவரிலோ முழு நகரமும் ஒரே தொகுதி. கவுன்சிலர் இடங்கள் பத்து, ஒவ்வொரு வாக்காளருக்கும் பத்து ஓட்டு. மேயருக்கு ஒன்று, பூங்கா வாரியத்துக்கு ஏழு, பள்ளி வாரியத்துக்கு ஒன்பது என்று சேர்த்தால் ஒருவர் கையில் மொத்தம் 27 ஓட்டு. இந்த விதியை விட்டுவிட்டு அந்த நகரத்தின் மைய வலது அரசியலைப் பேசினால் எதுவும் விளங்காது. எண்பது ஆண்டுக்கும் மேலாக அந்த அரசியலின் வீடாக இருந்த என்பிஏவை வளர்த்ததும் இந்த விதிதான், 2022-இல் ஒரு இடம்கூட இல்லாமல் துடைத்ததும் இதே விதிதான்.

என்பிஏ என்பது நான்-பார்ட்டிசன் அசோசியேஷன். தமிழில் சொன்னால் கட்சி சார்பற்றோர் சங்கம். தேர்தலில் நிற்கும் ஒரு அமைப்புக்கு இப்படி ஒரு பெயர் ஏன்? 1935-இல் வான்கூவர் மக்கள் வார்டு முறையை ஒழிக்க ஓட்டுப் போட்டார்கள். 1936-இல் நகரம் முழுவதற்குமான தேர்தல் வந்தது. பெருமந்தத்தின் காலம் அது; சிசிஎஃப் என்ற சமதர்மக் கட்சி நகரசபைக்குள் கால் ஊன்றியது. அடுத்த ஆண்டே வணிகர்களும் தொழில்முனைவோரும் கூடி என்பிஏவைத் தொடங்கினார்கள். தேசியக் கட்சிகளுக்கும் மாகாணக் கட்சிகளுக்கும் நகர மண்டபத்தில் வேலை இல்லை, நிர்வாகம் தெரிந்த நல்ல மனிதர்கள் போதும் என்பது அவர்கள் வாதம். நடைமுறையில் அது சிசிஎஃபுக்கு எதிரான எல்லாரையும் ஒரே பட்டியலில் நிறுத்தும் ஏற்பாடு. கட்சி இல்லை என்று சொன்ன அமைப்பே நகரத்தின் மிகத் திறமையான தேர்தல் கட்சியாக இருந்தது.

இங்கே 'மைய வலது' என்ற சொல்லை நம் ஊர்ப் பொருளில் எடுத்துக்கொள்ளக் கூடாது. மத்திய அரசியலில் லிபரல் கட்சிக்கு ஓட்டுப் போடுபவரும் கன்சர்வேட்டிவ் கட்சிக்கு ஓட்டுப் போடுபவரும் நகரத் தேர்தலில் ஒரே பட்டியலை ஆதரிப்பதுதான் என்பிஏவின் உடற்கூறு. மாகாண அளவில் பி.சி. (பிரிட்டிஷ் கொலம்பியா) லிபரல் கட்சி என்று இருந்ததும் இதே மாதிரிக் கூட்டுதான். என்பிஏ மேயராக இருந்த கார்டன் கேம்ப்பெல் பின்னால் அந்தக் கட்சியின் தலைவராகி, 2001 முதல் 2011 வரை மாகாண முதல்வராக இருந்தார். சொத்துவரி ஏறாமல் பார்த்துக்கொள்வது, சிறுகடைகள் மேல் விழும் வரிச்சுமையைக் குறைப்பது, தெருப் பாதுகாப்பு, கட்டட அனுமதி விரைவாகக் கிடைப்பது ஆகியவை இந்தக் கூட்டை ஒட்டவைக்கும் பசை. சமூக விஷயங்களில் கருத்து ஒன்றாக இருக்காது. அந்த இடத்தில்தான் விரிசல் விடும்.

இனி கணக்குக்கு வருவோம்.

ஒரு லட்சம் பேர் ஓட்டுப் போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அ அணிக்கு 42,000 ஆதரவாளர்கள், ஆ அணிக்கு 35,000, இ அணிக்கு 23,000. எல்லாரும் தங்கள் அணியின் பத்துப் பேருக்கும் அப்படியே ஓட்டுப் போட்டால், அ அணியின் ஒவ்வொரு வேட்பாளருக்கும் 42,000 ஓட்டு. பத்து இடமும் அவர்களுக்கே. வேறு யாரையோ விரும்பிய 58,000 பேருக்கு ஒரு கவுன்சிலர்கூட இல்லை. இப்போது அ அணி 25,000, 17,000 என்று இரண்டாக உடைகிறது. நகரத்தில் ஒருவர் மனமும் மாறவில்லை. ஆனால் 35,000 வைத்திருந்த ஆ அணி பத்து இடத்தையும் அள்ளிக்கொண்டு போகிறது. விகிதாச்சார முறையில் இந்த உடைப்புக்கு ஒன்றிரண்டு இடம் விலையாகப் போகும். இங்கே போவது முழு ஆட்சி.

நிஜத்தில் யாரும் இவ்வளவு கட்டுப்பாடாக ஓட்டுப் போடுவதில்லை. பலர் ஆறு ஏழு பெயரோடு நிறுத்திவிடுவார்கள். தெரிந்த முகம் என்று எதிரணியில் ஒருவருக்கும் ஒரு கோடு போடுவார்கள். அதனால்தான் முழுச் சுத்திகரிப்பு எப்போதாவதுதான் நடக்கும். நடக்கும்போது எப்படி இருக்கும் என்பதற்கு 1996 சாட்சி: மேயர், பத்துக் கவுன்சிலர், ஏழு பூங்கா ஆணையர், ஒன்பது பள்ளி வாரிய உறுப்பினர், 27 இடமும் என்பிஏ. எதிரணியான கோப் என்ற இடதுசாரி அமைப்பு, நகரத்தில் கணிசமான ஆதரவை வைத்துக்கொண்டே, வெறுங்கையோடு வெளியே நின்றது. ஆறு ஆண்டு கழித்து 2002-இல் அதே கோப் மேயர் பதவியையும் பத்தில் எட்டுக் கவுன்சிலர் இடத்தையும் எடுத்தது. நகரம் ஆறு ஆண்டில் தலைகீழாக மாறிவிடவில்லை. யார் ஒன்றாக நின்றார்கள், யார் அடித்துக்கொண்டார்கள் என்பதுதான் மாறியது.

இதற்கு முன்பும் இப்படி ஒரு அடி விழுந்திருக்கிறது. 1968-இல் டீம் என்ற புதிய அமைப்பு வந்தது. சைனாடவுன், ஸ்ட்ராத்கோனா பகுதிகளைக் கிழித்துக்கொண்டு போகவிருந்த விரைவுச்சாலைத் திட்டத்துக்கு எதிராகக் கிளம்பிய நடுத்தர வர்க்கக் கோபத்தின் காலம். 1972-இல் ஆர்ட் பிலிப்ஸ் தலைமையில் டீம் மேயர் பதவியையும் எட்டு இடத்தையும் பிடித்தது. நாற்பதுகளிலிருந்து நகரசபையைத் தன் கையில் வைத்திருந்த என்பிஏ ஒரே இரவில் ஓரத்துக்குப் போனது. டீம் ஆட்கள் தீவிர இடதுசாரிகள் அல்லர். என்பிஏவுக்கு ஓட்டுப் போட்டுவந்த படித்த மத்தியதர வீடுகளிலிருந்து வந்தவர்கள்தான் அதிகம். நடுவில் நிற்பவர்கள் கழன்றுகொண்டால் மிச்சமிருக்கும் வலதுக்கு நகரம் முழுக்க ஓட்டு வாங்கப் பலம் போதாது என்ற பாடம் அப்போதே எழுதப்பட்டுவிட்டது.

அப்படியிருந்தும் வார்டு முறை வந்துவிடக் கூடாது என்பதில் என்பிஏ உறுதியாக நின்றதற்குக் காரணம் உண்டு. நகரத்தின் மேற்குப் பகுதி வசதியானது, அங்கே வாக்குப்பதிவு விகிதம் அதிகம். கிழக்குப் பகுதியில் வாடகைக்கு இருப்பவர்களும் புதுக் குடியேறிகளும் அதிகம், பதிவு குறைவு. வார்டு இருந்தால் கிழக்குக்கு அதன் மக்கள்தொகைக்கு ஏற்ற இடம் உறுதியாகக் கிடைக்கும். வார்டு இல்லையென்றால் வந்து ஓட்டுப் போட்டவர் கைதான் ஓங்கும். 2004-இல் முன்னாள் நீதிபதி தாமஸ் பெர்கர் நகரத்தை 14 வார்டாகப் பிரிக்கலாம் என்று பரிந்துரைத்தார். அந்த அக்டோபரில் நடந்த மக்கள் வாக்கெடுப்பில் சுமார் 54 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். அதற்கு முன், எண்பதுகளில், பாதிக்கு மேல் ஆதரவு கிடைத்தும் வார்டு வராமலே போனது. பழைய முறை தப்பியதில் என்பிஏ அன்று மகிழ்ந்தது. தன்னையே பிறகு விழுங்கப்போகும் கிணற்றைத்தான் காப்பாற்றிக்கொண்டிருக்கிறோம் என்று அப்போது தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

பட்டியல் போடும் வேலைக்கு வருகிறேன். இந்த முறையில் தேர்தல் நுட்பம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

முதல் கேள்வி, எத்தனை பேரை நிறுத்துவது. பத்து இடத்துக்குப் பத்துப் பேர் என்று தோன்றும். உறுதியான ஆதரவாளர் பத்துப் பேருக்கும் போடுவார், அவரால் நஷ்டமில்லை. பிரச்சினை அரை ஆதரவாளரிடம். "இவர்களில் நாலு பேருக்குப் போடலாம்" என்று நினைப்பவர், பத்துப் பேரில் தனக்குப் பிடித்த நாலைத் தேர்ந்தெடுப்பார். அடுத்த வீட்டுக்காரர் வேறு நாலைத் தேர்ந்தெடுப்பார். ஓட்டு பத்துப் பேர் மேல் சிதறி, யாருமே முதல் பத்துக்குள் வராமல் போகலாம். செலவுப் பணமும் பத்தாகப் பிரியும். ஆகவே வெல்லும் என்று நம்பும் எண்ணிக்கைக்கு ஒன்றிரண்டு மட்டும் கூட்டி நிறுத்துவதே அனுபவசாலிகளின் வழக்கம். 2018-இல் என்பிஏ எட்டுப் பேரை நிறுத்தி ஐவரை வெல்லவைத்தது. 2022-இல் ஏபிசி என்ற புதிய மைய வலது அமைப்பு ஏழு பேரை நிறுத்தி ஏழையும் வென்றது. சபையில் மேயரோடு சேர்த்து 11 ஓட்டு, பெரும்பான்மைக்கு ஆறு போதும். மேயரும் ஏழு கவுன்சிலரும் என்றால் எட்டு. ஒருவர் உடல்நலமில்லாமல் வராவிட்டாலும், ஒருவர் கோபித்துக்கொண்டு போனாலும் ஆட்சி ஆடாது. பத்துக்கும் ஆசைப்படாமல் ஏழோடு நின்றது அவர்கள் எடுத்த மிகச் சரியான முடிவு என்பேன்.

சிறிய அமைப்புகளுக்கு இந்தக் கணக்கு இன்னும் கூர்மையானது. 2011-இல் பசுமைக் கட்சி கவுன்சிலுக்கு ஏட்ரியன் கார் என்ற ஒருவரை மட்டும் நிறுத்தியது. கடைசி இடத்தை நூறு ஓட்டுக்கும் குறைவான வித்தியாசத்தில் அவர் பிடித்தார். நாலு பேரை நிறுத்தியிருந்தால் அந்த இடமும் போயிருக்கும்.

இரண்டாவது, மிச்ச ஓட்டு. பத்து ஓட்டையும் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. உங்கள் அணியில் ஏழு பேர் என்றால், ஏழு போட்டுவிட்டு நிறுத்திக்கொள்ளலாம். எட்டாவதாக எதிரணியில் ஒரு நல்லவருக்குப் போடும் ஓட்டு, உங்கள் ஏழாவது ஆளைக் கீழே தள்ளும் ஓட்டாக மாறக்கூடும். வாக்காளருக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது எளிதல்ல. பத்து வட்டம் கண்ணுக்கு முன் இருக்கும்போது ஏழோடு நிறுத்துவது சோற்றை மீதம் வைத்த மாதிரி இருக்கும் பலருக்கு. அதனால்தான் அணிகள் பெயர்ப்பட்டியல் அச்சடித்த சிறு அட்டையை வீடு வீடாகக் கொடுக்கின்றன. அந்த அட்டையைப் பார்த்து எழுதி எடுத்துக்கொண்டு போகலாம். ஆனால் வாக்குச்சாவடிக் கட்டடத்திலிருந்து 100 மீட்டருக்குள் பிரசாரம் கூடாது, அட்டையை அங்கே நின்று விநியோகித்தால் வம்பு.

மூன்றாவது, சீட்டின் தோற்றம். 2018-இன் வாக்குச்சீட்டை நினைத்துப் பாருங்கள். மேயருக்கு 21 பேர், கவுன்சிலுக்கு 71 பேர், இரண்டு வாரியங்களையும் சேர்த்து மொத்தம் 158 பெயர். அதற்கு முன்பு பெயர்கள் அகரவரிசையில் வந்தன. அந்த முறை குலுக்கல் வரிசை. அதாவது, என்பிஏவின் எட்டுப் பேரும் 71 பேருக்கு நடுவே ஆங்காங்கே சிதறிக் கிடந்தார்கள். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அமைப்பின் பெயர் இருக்கும், ஆனால் ஒரே கட்டத்தில் கோடு போட்டு முழு அணியையும் தேர்ந்தெடுக்கும் வசதி இல்லை. மேலிருந்து கீழே விரல் வைத்துத் தேட வேண்டும். பொறுமை இழந்தவர் ஐந்தாறோடு நிறுத்திவிடுவார். அகரவரிசைக் காலத்தில் மேலே இருப்பவருக்குச் சிறு லாபம் உண்டு என்பது பொதுவான கருத்து. 2008-இல் என்பிஏவில் தப்பிய ஒரே கவுன்சிலர் சூசன் ஆன்டன். 2011-இல் வென்ற இருவர் ஆஃப்லெக், பால். ஆங்கில எழுத்தில் இந்த மூவரும் ஏ, பி. அதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். கவனிக்காமல் விடவும் முடியவில்லை.

பெயர் விஷயத்தில் 2005-ஐச் சொல்லாமல் போனால் குறை. மேயர் போட்டியில் என்பிஏவின் சாம் சலிவனும் விஷன் என்ற மைய இடது அமைப்பின் ஜிம் கிரீனும் மோதினார்கள். சீட்டில் ஜேம்ஸ் கிரீன் என்று இன்னொருவரும் இருந்தார். சலிவன் 61,543, ஜிம் கிரீன் 57,796, வித்தியாசம் 3,747. ஜேம்ஸ் கிரீன் வாங்கியது 4,273. அந்த நாலாயிரத்தில் எத்தனை பேர் குழம்பிப் போட்டவர்கள் என்பதை எந்தக் கணக்கும் சொல்லாது. தமிழ்நாட்டில் ஒரே பெயரில் சுயேச்சைகளை நிறுத்துவதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்த எண்கள் புதிதாக இருக்காது. ஆனால் ஜேம்ஸ் கிரீனை யாரோ திட்டமிட்டு நிறுத்தினார்கள் என்று நிரூபணம் ஆனதில்லை. அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இவ்வளவு நுட்பம் தெரிந்த அமைப்பு ஏன் அழிந்தது? என் பதில் ஒன்றுதான். என்பிஏ வாக்குச்சாவடியில் தோற்பதற்கு முன்பு வேட்பாளர் தேர்வில் தோற்றது. ஒரு முறை அல்ல, நாலு முறை.

2002. மேயர் பிலிப் ஓவன் 1993 முதல் பதவியில் இருந்தவர், என்பிஏவின் சொந்த ஆள். போதைப்பொருள் பிரச்சினைக்குத் தடுப்பு, சிகிச்சை, சட்ட அமலாக்கம், தீங்கு குறைப்பு என்ற நான்கு தூண் கொள்கையை 2001-இல் நகரசபையில் கொண்டுவந்தார். டவுன்டவுன் ஈஸ்ட்சைடில் ஊசிமுனையில் மனிதர்கள் செத்துக்கொண்டிருந்த காலம். பொதுமக்களிடம் அவருக்கு மரியாதை இருந்தது. கட்சிக்குள் எதிர்ப்பு இருந்தது. ஜெனிஃபர் கிளார்க் அவருக்கு எதிராக வேட்புக்கு முன்வந்தார், ஓவன் விலகிக்கொண்டார். கோப் அமைப்போ மாகாணத்தின் முன்னாள் தலைமை மரண விசாரணை அதிகாரி லேரி கேம்ப்பெலை மேயர் வேட்பாளராக நிறுத்தியது. அவர் ஓவனின் கொள்கையையே கையில் எடுத்துக்கொண்டார். என்பிஏ மேயரின் கொள்கைக்கு ஓட்டுப் போட விரும்பியவர்கள் என்பிஏவுக்கு எதிராக ஓட்டுப் போட வேண்டியதாயிற்று. சபையில் என்பிஏவுக்கு மிஞ்சியது இரண்டே இடம்: சாம் சலிவன், பீட்டர் லாட்னர்.

2008. மிஞ்சிய அந்த இருவரே மோதிக்கொண்டார்கள். சலிவன் பதவியில் இருக்கும் மேயர். உறுப்பினர் வாக்கெடுப்பில் லாட்னர் சுமார் 80 ஓட்டு வித்தியாசத்தில் அவரைத் தோற்கடித்தார். பதவியில் இருப்பவரைச் சொந்த வீட்டிலேயே கழற்றிவிட்டால், அந்த ஆட்சியின் சாதனையைச் சொல்லி ஓட்டுக் கேட்க முடியாது. ஆட்சியின் பழியோ கூடவே வரும். ஒலிம்பிக் கிராமக் கட்டுமானத்துக்கு நகரசபை மூடிய கதவுக்குள் ஒப்புக்கொண்ட 10 கோடி டாலர் கடன் விவகாரம் தேர்தலுக்குச் சற்று முன்பு கசிந்தபோது, அந்தப் பழி லாட்னர் மேலேயே விழுந்தது. விஷனின் கிரெகர் ராபர்ட்சன் மேயரானார். என்பிஏவுக்கு ஒரே ஒரு கவுன்சிலர்.

2018-தான் நெஞ்சை அறுக்கும் தேர்தல். ராபர்ட்சன் போட்டியிடவில்லை, விஷன் கலைந்துகொண்டிருந்தது, கதவு திறந்தே கிடந்தது. 2017 இடைத்தேர்தலில் என்பிஏவுக்காக வென்ற ஹெக்டர் பிரெம்னர் மேயர் வேட்புக்கு விண்ணப்பித்தார். நிர்வாகக் குழு அவரை உறுப்பினர்களின் ஓட்டுக்கே விடாமல் நிராகரித்தது. அவர் வெளியே போய் யெஸ் வான்கூவர் தொடங்கினார். வாய் யங் கொயலிஷன் வான்கூவர் என்று வேறொரு கடை விரித்தார். என்பிஏ வேட்பாளரானவர் கென் சிம். முடிவு: சுயேச்சை கென்னடி ஸ்டூவர்ட் 49,705, சிம் 48,748. வித்தியாசம் 957. வாய் யங் 11,872, பிரெம்னர் 9,924. இந்த இருவரின் ஓட்டில் இருபதில் ஒரு பங்கு சிம் பக்கம் கூடுதலாக வந்திருந்தாலும் முடிவு மாறியிருக்கும்.

இடதுசாரி ஓட்டும் சிதறித்தான் இருந்தது, ஷானா சில்வெஸ்டர் 35,457 வாங்கினார் என்று யாராவது நினைவுபடுத்தலாம். சரிதான். கவுன்சில் பக்கம் அந்தச் சிதறல் என்பிஏவுக்கு உதவியது. ஐந்து இடம் வந்து தனிப்பெரும் அணியானது. பசுமை மூன்று, கோப் ஒன்று, ஒன்சிட்டி என்ற இன்னொரு இடதுசாரி அமைப்பு ஒன்று. மேயர் ஓட்டில் ஒருவர்தான் வெல்ல முடியும் என்பதால் அங்கே உடைப்பின் விலை வெளிப்படையாகத் தெரிந்தது.

நான்காவது முறை, திரும்பி எழ முடியாத முறை. 2019-இல் என்பிஏவுக்குப் புதிய நிர்வாகக் குழு வந்தது. அதில் சிலரின் சமூகப் பார்வையை ஏற்க முடியாது என்று கவுன்சிலர் ரெபெக்கா பிளை விலகினார். 2021 ஏப்ரலில் குழு, உறுப்பினர்களிடம் ஓட்டெடுப்பு நடத்தாமலே, பூங்கா ஆணையர் ஜான் கூபாரை மேயர் வேட்பாளராக அறிவித்தது. சாரா கர்பி-யங், லிசா டொமினாட்டோ, கொலீன் ஹார்ட்விக் மூவரும் வெளியேறினார்கள். ஐந்து கவுன்சிலரில் மிஞ்சியவர் மெலிசா டி ஜெனோவா ஒருவர். 2022 ஆகஸ்டில், தேர்தலுக்குச் சுமார் பத்து வாரம் இருக்கும்போது, கூபாரும் விலகினார். அவசரத்தில் ஃபிரெட் ஹார்டிங் வந்தார். பட்டியல் அரசியலில் மேயர் வேட்பாளர்தான் வண்டியின் அச்சு. அவர் பெயரைப் பார்த்துத்தான் மற்ற ஏழெட்டுப் பெயரை வாக்காளர் தேடுவார். அச்சை மாற்றிப் பொருத்தப் பத்து வாரம் போதாது.

நிர்வாகக் குழு தேர்வா, உறுப்பினர் ஓட்டா என்பதில் இரு பக்கமும் நியாயம் உண்டு. உறுப்பினர் ஓட்டுக்கு விட்டால், கடைசி வாரத்தில் ஆயிரம் பேரைப் பணம் கட்டிச் சேர்த்துவிட்டு ஒருவர் வேட்பைத் தூக்கிக்கொண்டு போகலாம். குழு தேர்ந்தெடுத்தால், தோற்றவருக்குத் தோற்றேன் என்ற ஒப்புதல் வராது. அவர் போய்த் தனி அமைப்பு தொடங்குவார். இரண்டில் எது குறைந்த கேடு என்று கேட்டால், பத்து ஓட்டு முறையில் சந்தேகமில்லாமல் முதலாவது. உள்ளே நியாயமாகத் தோற்றவர் பெரும்பாலும் வீட்டில் இருப்பார். கதவே திறக்கப்படாதவர் எதிர்க்கடை போடுவார். பதினோராயிரம், பத்தாயிரம் ஓட்டு எங்கிருந்து கழன்றது என்பதை மேலே பார்த்தோம்.

தனி அமைப்பு தொடங்குவது அங்கே கடினமும் அல்ல. சட்டம் இவற்றைக் கட்சி என்று சொல்வதில்லை, வாக்காளர் அமைப்பு என்கிறது. மாகாணத் தேர்தல் ஆணையத்தில் பதிவு, குறைந்தது 50 வாக்காளர் உறுப்பினர்கள், அவ்வளவே. வேட்பாளருக்கு 25 பேர் முன்மொழிவு, 100 டாலர் வைப்புத்தொகை. ஒரு வேட்பாளரை ஒரு அமைப்பு மட்டுமே ஆதரிக்க முடியும். 2017-இல் நிறுவனங்களும் தொழிற்சங்கங்களும் நன்கொடை தருவதைத் தடை செய்து, தனிநபருக்கு ஆண்டுக்கு 1,200 டாலர் என்று உச்சவரம்பு போட்டார்கள். அது விலைவாசியோடு சிறிது சிறிதாக ஏறுகிறது. அதற்கு முன்பு பெருநிறுவனங்களிடம் வாங்கிய பெரிய காசோலைகள்தான் என்பிஏவின் தலைமை அலுவலகத்துக்குப் பிடிமானம். பணம் ஒரே இடத்தில் இருந்தால் ஆட்களும் அங்கேயே இருப்பார்கள். காசோலை நின்றதும், 'வெளியே போனால் பணத்துக்கு எங்கே போவாய்' என்ற மிரட்டலும் செல்லாக்காசானது. உடைப்பு 2018-க்குப் பிறகு வேகமெடுத்ததில் இந்தச் சட்டத்துக்கும் பங்குண்டு என்பது என் கணிப்பு.

கென் சிம் ஏபிசி என்ற புது அமைப்பில் நின்றார். பிளை, கர்பி-யங், டொமினாட்டோ அதில் சேர்ந்தார்கள். நூறு புதிய காவலர்கள், நூறு மனநலச் செவிலியர் என்ற வாக்குறுதி வாக்காளர் மனதில் எளிதாக நின்றது. 2022 அக்டோபர் 15: சிம் 85,732, ஸ்டூவர்ட் 49,593. கவுன்சிலுக்கு நிறுத்திய ஏழு பேர், பூங்கா வாரியத்துக்கு நிறுத்திய ஆறு பேர், பள்ளி வாரியத்துக்கு நிறுத்திய ஐந்து பேர், அத்தனை பேரும் வென்றார்கள். என்பிஏ பூஜ்ஜியம். வாக்குப்பதிவு 36 சதவீதத்தை ஒட்டியே இருந்தது. மைய வலது ஓட்டு எங்கும் போய்விடவில்லை, பழைய பாத்திரத்திலிருந்து புதிய பாத்திரத்துக்கு ஊற்றப்பட்டது.

ஆட்சி கிடைத்தபின் அதே பழைய நோய் தலைகாட்டுகிறது. 2023-இல் சொத்துவரி 10.7 சதவீதம் ஏறியது; வரியைக் கட்டுக்குள் வைப்பதே அடையாளமாகக் கொண்ட வாக்காளருக்கு இது தொண்டையில் இறங்காத எண். அந்த ஆண்டு டிசம்பரில் பூங்கா வாரியத்தையே கலைக்கப்போவதாக மேயர் அறிவித்ததும், அதே அணியில் வென்ற ஆணையர்கள் சிலர் பிரிந்தார்கள். 2025 பிப்ரவரியில் பிளை ஏபிசியிலிருந்து நீக்கப்பட்டார். ஏப்ரல் 5 இடைத்தேர்தலில் இரண்டு இடம் காலி. ஏபிசி இருவரை நிறுத்தியது, இருவரும் தோற்றார்கள். எதிர்ப்பக்கம் கோப் ஒருவரையும் ஒன்சிட்டி ஒருவரையும் மட்டும் நிறுத்தின. ஒன்றின் ஆதரவாளர் தன் இரண்டாவது ஓட்டை மற்றதற்குப் போட இடம் இருந்தது. ஷான் ஓர், லூசி மலோனி இருவரும் வென்றார்கள். வலது பக்கம் ஏபிசியும் டீம் பெயரில் புதிதாக எழுந்த அமைப்பும் ஆளுக்கு இரண்டிரண்டாக நின்று ஒன்றின் ஓட்டை ஒன்று தின்றன.

அடுத்த பொதுத்தேர்தல் 2026 அக்டோபர் 17, சனிக்கிழமை. வேட்புமனுக் காலம் வாக்குப்பதிவுக்கு 46 நாள் முன்பு தொடங்கி 36 நாள் முன்பு மாலை 4 மணிக்கு முடியும். அதாவது செப்டம்பர் 1 முதல் 11 வரை. கருத்துக்கணிப்பைவிட அந்த 11-ஆம் தேதி மாலைப் பட்டியலைப் பாருங்கள். மைய வலதில் எத்தனை அமைப்பு, ஒவ்வொன்றும் கவுன்சிலுக்கு எத்தனை பேர், மேயருக்கு எத்தனை பேர் என்று ஒரு தாளில் கூட்டிப் பாருங்கள். மேயருக்கு ஒன்று, கவுன்சிலுக்கு எல்லாம் சேர்த்துப் பத்துக்குள் என்றால் ஒரு கணக்கு. மேயருக்கு மூன்று, கவுன்சிலுக்கு இருபது என்றால், 2018-இன் அந்த 957 ஓட்டை எடுத்துப் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.